நடப்போர்க்கு ஒரு பாலம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஆறுகள் ஊர்களை வாழ்வித்தன. அதே ஆறுகள் ஊர்களைப் பிரித்தும் வைத்தன. அப்பிரிவைப் போக்க மனிதன் கண்ட வழியே பாலம். சென்னை மாநகரின் அடையாற்றில் 1726ஆம் ஆண்டு எழுந்த பாலமொன்று 240 ஆண்டுகள் நின்று பயன்பட்டது. அதே ஆற்றின் முகத்துவாரத்தில் 1967ஆம் ஆண்டு எழுந்த நடைபாலமொன்று பத்தே ஆண்டுகளில் உடைந்தது. இவ்விரு பாலங்களின் வரலாறு, ஒன்றைக் கட்டுவதற்கும் கட்டியதைக் காப்பதற்கும் உள்ள தொடர்பை உணர்த்துகிறது.

துறையும் பாலமும்

பாலம் தோன்றுவதற்கு முன்பே ஆற்றைக் கடக்கும் கலையைத் தமிழர் அறிந்திருந்தனர். ஆற்றில் ஆழம் குறைந்து, கால் ஊன்றிக் கடக்கத்தக்க இடம் துறை எனப்பட்டது. ஆழமிக்க இடங்களில் தெப்பம், புணை, அம்பி, ஓடம், தோணி, பரிசல் ஆகியன பயன்பட்டன. கடத்தற்கருவிக்கு இத்தனை பெயர்கள் வழங்கியமை, நீரைக் கடத்தல் அன்றாட வாழ்வோடு எவ்வளவு நெருங்கியிருந்தது என்பதைக் காட்டும்.

துறையும் ஓடமும் காலத்திற்குக் கட்டுப்பட்டவை. கோடையில் நடந்து கடக்கும் ஆறு, கார்காலத்தில் வழியை அடைத்துவிடும். மருத்துவரைத் தேடிச் செல்வோரும், சந்தைக்குச் சரக்குக் கொண்டுசெல்வோரும், வழிபாட்டிற்குச் செல்வோரும் வெள்ளம் வடியும்வரை கரையில் காத்திருக்க வேண்டும். எக்காலத்தும் கடக்கத்தக்க வழியைத் தருவது பாலம் மட்டுமே. ஆதலால் பாலம் அமைத்தல் அறச்செயலாகப் போற்றப்பட்டது. ‘சேது’ என்னும் சொல் அணையையும் பாலத்தையும் குறிக்கும். இராமநாதபுரத்தை ஆண்ட மன்னர்கள் ‘சேதுபதி’ எனப் பெயர் பூண்டு, இராமேசுவரம் நோக்கி நடந்த வழிப்போக்கர்களைக் காப்பதைத் தம் கடமையாகக் கொண்டனர்.

ஏரிகளில் பிறக்கும் ஆறு

காவிரியைப் போல மலையில் பிறந்து வரும் ஆறன்று அடையாறு. அது ஏரிகளில் பிறப்பது. திருப்பெரும்புதூருக்கும் தாம்பரத்திற்கும் இடையே அமைந்த மணிமங்கலத்தை அடுத்த மலைப்பட்டு ஏரியில் அதன் தொடக்கத்தைக் காணலாம். ஒரத்தூர், படப்பை, ஆதனூர், சோமங்கலம் முதலிய ஊர்ப்புறங்களின் மிகைநீரும் ஓடைகளின் வழியே இவ்வாற்றை வளப்படுத்துகிறது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்படும் உபரிநீர் திருநீர்மலைக்கு அருகில் இதனோடு கலக்கிறது. ஏறத்தாழ 42 கி.மீ. தொலைவு ஓடி, பட்டினப்பாக்கத்திற்கும் பெசன்ட் நகருக்கும் இடையே வங்கக் கடலை அடைகிறது.

ஆறு தோன்றும் மணிமங்கலம் வரலாற்றுச் சிறப்புடைய ஊர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்ற போர்க்களங்களுள் அதுவும் ஒன்று. இன்று இவ்வூரைச் சூழ்ந்த திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதி, மகிழுந்துகளும் மின்னணுப் பொருள்களும் உருவாகும் ஆலைநிலமாக விளங்குகிறது.

ஆண்டின் பெரும்பகுதியில் அடையாறு மெலிந்தே ஓடும். வடகிழக்குப் பருவமழை பொழியும்போது நூற்றுக்கணக்கான ஏரிகளின் கலங்கல் நீர் ஒருங்கே திரண்டு, பாய்புனலாகப் பெருகும். மெலிந்த தோற்றத்தைக் கண்டு இவ்வாற்றை எளிதாக எண்ணியோர் பலமுறை இடருற்றனர்.

மலைக்குச் சென்ற வழி

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை, புனித ஜார்ஜ் கோட்டையையும் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளையும் கொண்டிருந்தது. கோட்டைக்குத் தென்மேற்கே, அடையாற்றுக்கு அப்பால் பரங்கிமலை அமைந்திருந்தது. இயேசுவின் சீடரான புனித தோமையாரோடு தொடர்புபடுத்தப்படும் அம்மலைக்கு வழிபாட்டிற்காகப் பலர் நடந்து சென்றனர். சைதாப்பேட்டைக்கு அருகில் ஆறு குறுக்கிட்டது. மழைக்காலத்தில் அவர்கள் உயிரைப் பணயம் வைத்தே ஆற்றைக் கடந்தனர்.

இத்துன்பத்தைப் போக்க முன்வந்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். பாரசீகத்தின் இசுபகான் நகரை அடுத்த ஜுல்ஃபாவைச் சேர்ந்த இவர், கடல்வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிச் சென்னையில் வாழ்ந்தார். தம் சொந்தப் பணத்தில் 30,000 வராகன் செலவிட்டு, 1726ஆம் ஆண்டு சைதாப்பேட்டையில் அடையாற்றின்மீது பாலம் ஒன்றை அமைத்தார். மாம்பலம் என்னும் பெயர் ஐரோப்பியர் நாவில் ‘மார்மலாங்’ எனத் திரிந்தது என்பர். அதனால் அது மார்மலாங் பாலம் எனப்பட்டது. முதியோரும் நோயுற்றோரும் பரங்கிமலையின்மேல் ஏறிச்செல்லப் படிக்கட்டுகளையும் அவர் அமைத்துக் கொடுத்தார்.

வளைவுகளைத் தாங்கிய தூண்கள் வரிசையாக ஆற்றில் நிற்கும் தோற்றத்தைப் பழைய ஓவியங்களில் காணலாம். வளைவுப் பாலத்தின் நுட்பம் எளியது, ஆயினும் வலியது. மேலிருந்து வரும் சுமையை வளைவிலுள்ள ஒவ்வொரு கல்லும் தன் பக்கத்துக் கல்லின்மீது அழுத்தமாகச் செலுத்துகிறது. அவ்வழுத்தம் படிப்படியாக இறங்கித் தூணையும், தூணின்வழி நிலத்தையும் சென்றடைகிறது. கல்லும் செங்கல்லும் இழுவிசையைத் தாங்காதவை. அழுத்தத்தை நன்கு தாங்குபவை. ஆகவே இரும்பும் கற்காரையும் பரவலாகாத காலத்தில் வளைவே பாலத்திற்கு ஏற்ற வடிவமாயிற்று.

பாலம் அமைந்தபின் கோட்டையையும் மலையையும் இணைத்த வழி உயிர்பெற்றது. வழிபாட்டிற்கு நடந்தோர் சென்ற அவ்வழியில் பின்னாளில் வண்டிகளும் படைகளும் வணிகச் சரக்குகளும் சென்றன. அதுவே மவுண்ட் ரோடு எனப் பெயர் பெற்று, இன்று அண்ணா சாலையாக விளங்குகிறது. நடப்போர்க்கு எழுந்த ஒரு பாலம், மாநகர் தெற்கு நோக்கி வளர்வதற்கு வாயிலாயிற்று.

தெரியுமா?

சென்னையில் ஆர்மீனியர் வாழ்ந்த தெரு ‘ஆர்மீனியன் தெரு’ எனப்பட்டது. அப்பெயர் மக்கள் வழக்கில் ‘அரண்மனைக்காரன் தெரு’ எனத் திரிந்தது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான ‘அஸ்தரார்’ 1794ஆம் ஆண்டு சென்னையிலேயே வெளிவந்தது.

காக்கவும் ஒரு பொருள்

உஸ்கானின் கொடையில் அனைவரும் கருதத்தக்க கூறு ஒன்று உண்டு. பாலத்தைக் கட்டியதோடு தம் கடமை முடிந்ததாக அவர் எண்ணவில்லை. அதனைப் பராமரிப்பதற்கென 1,500 வராகனைத் தனியே ஒதுக்கினார். ஆற்றுநீர் தூணின் அடியை ஓயாது அரிக்கும். சுண்ணாம்புக் காரை உதிரும். இடுக்குகளில் ஆலும் அரசும் வேர்விடும். இவற்றை உரிய காலத்தில் கண்டு களையாவிடில் எத்துணை வலிய கட்டடமும் நிலைக்காது. தமிழக மன்னர்கள் ஏரியை வெட்டுவித்தபோது, ஆண்டுதோறும் அதனைத் தூர்வாரவும் கரையை உயர்த்தவும் ‘ஏரிப்பட்டி’ என நிலம் ஒதுக்கியதும் இந்நோக்கம் பற்றியே. கட்டுதல் ஒருநாள் விழாவாகலாம். காத்தல் தலைமுறைதோறும் தொடரும் பணியாகும்.

1751ஆம் ஆண்டு உஸ்கான் மறைந்தார். அவருடல் சென்னை வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய விருப்பத்தின்படி இதயம் மட்டும் பேழையில் வைக்கப்பட்டு, ஜுல்ஃபாவுக்கு அனுப்பப்பட்டது. பொருள் ஈட்ட வந்த ஊரையும் பிறந்த ஊரையும் அவர் ஒருங்கே நேசித்தமைக்கு இது சான்றாகும்.

போக்குவரத்து பெருகியதால் 1966ஆம் ஆண்டு பழைய பாலத்தின் இடத்தில் கற்காரைப் பாலம் எழுந்தது. அதற்கு மறைமலை அடிகள் பெயர் சூட்டப்பட்டது. 1916ஆம் ஆண்டு தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய அடிகளார் வாழ்ந்த பல்லாவரம், இப்பாலத்தைக் கடந்து செல்லும் வழியிலேயே அமைந்துள்ளது. பழைய பாலத்தின் நினைவாக, உஸ்கானின் கொடையைப் பொறித்த கல்வெட்டு எஞ்சியிருக்கிறது. நாள்தோறும் பேருந்துகளில் பல்லாயிரவர் அதனைக் கடக்கின்றனர். நின்று காண்போர் சிலரே.

இவ்வாற்றின் கீழ்ப்பகுதியில் 1840ஆம் ஆண்டு எல்பின்ஸ்டன் பாலம் அமைந்தது. அதன் பணியை ஏற்க 1973ஆம் ஆண்டு எழுந்த புதிய பாலம் திரு.வி.க. பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழறிஞராகவும் தொழிலாளர் தலைவராகவும் விளங்கியவர் திரு.வி.க. ஓர் ஆற்றின் இரு பெரும்பாலங்கள் இரு தமிழறிஞர்களின் பெயரைப் பெற்றிருப்பது தமிழுக்குக் கிடைத்த சிறப்பு.

மீனவர்க்கு எழுந்த நடைபாலம்

அடையாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தின் இருபுறமும் மீனவர் குடியிருப்புகள் உள்ளன. வடகரையில் சீனிவாசபுரமும் தென்கரையில் ஊரூர் ஆல்காட் குப்பமும் அமைந்துள்ளன. இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு கண்ணுக்கு எட்டுவது. ஆனால் தரைவழியே செல்வதாயின் ஆற்றின் மேற்புறத்திலுள்ள பாலம்வரை நடந்து, சுற்றிவர வேண்டும். மீன்கூடையைத் தலையில் சுமந்து செல்வோர்க்கு இச்சுற்றுவழி பெருஞ்சுமையாகும்.

இந்நிலையை மாற்ற 1967ஆம் ஆண்டு கழிமுகத்தின் குறுக்கே நடைபாலம் கட்டப்பட்டது. வண்டிகளுக்கென அன்றி, நடப்போர்க்கென்றே எழுந்தது அது. சாந்தோம் பகுதியையும் எலியட்ஸ் கடற்கரைப் பகுதியையும் இணைத்தது. மீனவர் குடும்பங்கள் உறவினரைக் காணவும் தொழிலுக்குச் செல்லவும் அப்பாலத்தைப் பயன்படுத்தின. 1977ஆம் ஆண்டு ஆற்றுநீரின் வேகத்தைத் தாங்காது பாலத்தின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. அதன்பின் அது மீளக் கட்டப்படவில்லை. எஞ்சிய பகுதி இன்றும் ஆற்றின் நடுவே முடிவுற்று நிற்கிறது. ‘உடைந்த பாலம்’ என்பதே அதன் பெயராகிவிட்டது.

பழைய பாலம் 240 ஆண்டுகள் நிற்க, புதிய பாலம் பத்தாண்டில் உடைந்ததைக் கொண்டு முன்னோர் அறிவுடையோர், பின்னோர் அறிவிலர் என முடிவு செய்தல் பொருந்தாது. இரண்டும் நின்ற இடங்கள் வேறு. கழிமுகத்தின் அடிநிலம் மணலாலானது. அங்கு நாள்தோறும் ஓதம் ஏறி இறங்கும். கடலலை மணலைக் கொணர்ந்து முகத்துவாரத்தை அடைக்கும்; ஆற்றுவெள்ளம் அம்மணலை அறுத்துக்கொண்டு புதுவழி காணும். இவ்வாறு இடம்மாறும் மணலில் தூண் ஊன்றுவோர் அரிப்பின் ஆழத்தை முன்னரே கணித்து, அதற்கும் கீழே அடித்தளத்தைக் கொண்டுசெல்ல வேண்டும். பாலத்தின் வலிமை மேலே காணும் தளத்தில் மட்டும் இல்லை. கண்ணுக்குப் புலப்படாத அடித்தளத்திலும் உள்ளது.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. வண்டிகள் செல்லும் பாலம் உடைந்தால் மாற்றுவழி விரைந்து அமைக்கப்படுகிறது. நடப்போர் பாலம் உடைந்தபோது அவர்கள் மீண்டும் சுற்றுவழிக்கே திரும்பினர். இன்று அவ்விடம் திரைப்படக் காட்சிகளுக்கும் மாலைநேரப் பொழுதுபோக்கிற்கும் உரியதாகிவிட்டது. அது யாருக்காக எழுந்தது என்பதை அங்கு செல்வோருள் பலர் அறியார்.

கடல்கடந்த சான்று

நடப்போர்க்கு உரிய பாலங்களைப் போற்றிக் காக்கும் நகரங்களும் உள்ளன. சிங்கப்பூர் ஆற்றின்மீது அமைந்த கேவனா பாலம் அவற்றுள் ஒன்று. அதன் இரும்புப் பகுதிகள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உருவாக்கப்பட்டுக் கப்பலில் கொண்டுவரப்பட்டன. இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பால் அப்பாலம் உருப்பெற்று, 1870ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. வணிக நகரின் பளு மிகுதியை அதனால் தாங்க இயலவில்லை. 1910ஆம் ஆண்டு அருகில் ஆண்டர்சன் பாலம் எழுந்தபோது, பழையதை இடித்துவிடலாம் என்று எண்ணாமல், நடப்போர்க்கு மட்டும் உரியதாக்கினர். மூன்று அந்தர் எடைக்கு மேற்பட்ட வண்டியும், மாடும் குதிரையும் செல்லலாகாது என்னும் அறிவிப்புப் பலகை இன்றும் அங்கு உள்ளது. 2019ஆம் ஆண்டு அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் லிஃபி ஆற்றின்மீது 1816ஆம் ஆண்டு எழுந்த இரும்பு நடைபாலமும் இத்தகையதே. கடப்போரிடம் அரைப் பென்னி சுங்கம் பெற்றதால் ‘அரைப் பென்னிப் பாலம்’ என்னும் பெயர் நிலைத்தது. சுங்கம் ஒழிந்து ஒரு நூற்றாண்டு கடந்தும் பெயரும் பாலமும் நிலைத்துள்ளன.

வெள்ளம் உணர்த்திய பாடம்

2015ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையால் அடையாறு கரைகடந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்பட்ட நீரும், வழியிலுள்ள ஏரிகளின் மிகைநீரும் ஒன்றாயின. முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளில் வீடுகள் நீரில் மூழ்கின. சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்து நின்றது. ஆற்றின் குறுக்கே ஓடுதளம் அமைந்த சென்னை விமான நிலையமும் மூடப்பட்டது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஆற்றங்கரையில் வெள்ளம் வடியக் காத்திருந்தோரின் நிலை, ஒரே இரவில் மாநகர் முழுமைக்கும் வந்தது.

பாலத்தின் நலம் அது நிற்கும் இடத்தை மட்டும் பொறுத்ததன்று என்பதை அவ்வெள்ளம் உணர்த்தியது. மேலே ஓர் ஏரி தூர்ந்தால், அது தேக்க வேண்டிய நீர் ஆற்றுக்கு வரும். ஓர் ஓடை மறைந்தால், அந்நீர் வேறு வழி தேடும். நீரை உறிஞ்சிய வயல், தளம் பாவிய வெளியாகும்போது மழைநீர் விரைந்து வழிந்தோடும். ஒரகடத்தைச் சூழ்ந்த ஏரிகளின் கரையும் கலங்கலும் செம்மையாக இருப்பது, சைதாப்பேட்டைப் பாலத்திற்கும் அரணாகும்.

ஆலைநிலத்தில் நடப்போர்

அடையாறு பிறக்கும் நிலத்தில் இன்று வேறொரு வகை ஆறு ஓடுகிறது. அது வண்டிகளின் பெருக்கு. சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையும், வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியே வாலாசாபாத் செல்லும் பெருஞ்சாலையும் இரவும் பகலும் ஓய்வதில்லை. பணிமுறை மாறும் வேளையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அச்சாலைகளின் ஓரத்தில் வந்திறங்குகின்றனர். வல்லம் வடகாலில் பெண் பணியாளர்க்கென 18,720 பேர் தங்கும் விடுதி 2024ஆம் ஆண்டு திறக்கப்பட்டது என்பதிலிருந்து இப்பகுதியில் உழைப்போரின் பெருக்கத்தை உய்த்துணரலாம். பல மாவட்டங்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் வந்தோரும், வழிவழியாக இங்கு வாழ்ந்தோரும் ஒரே சாலையைக் கடக்கின்றனர்.

இவர்களுக்கு நடைமேம்பாலமும் சுரங்கப்பாதையும் ஒளிமிக்க நடைபாதையும் இன்றியமையாதவை. அவை கூட்டம் கடக்கும் இடத்தில் அமைய வேண்டும். முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் ஏறத்தக்கனவாக இருக்க வேண்டும். இரவில் அச்சமின்றிச் செல்ல உதவ வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மக்கள் பாலத்தை விடுத்துச் சாலையின் குறுக்கே செல்வர். பயனற்றுப்போன பாலத்திற்கு அதனைக் கடக்காத மக்களைக் குறைகூறுவதைக் காட்டிலும், அவர்கள் ஏன் கடக்கவில்லை என ஆராய்வதே அறிவுடைமை.

மலையேறும் முதியவரின் கால்வலியைத் தம் வலியாகக் கருதியதால் ஒரு வணிகர் பாலமும் படியும் அமைத்தார். அதனைக் காக்கவும் பொருள் வைத்தார். அந்த அழியாப் பெயரைக் கல்வெட்டு தாங்கி நிற்கிறது. வண்டியில் விரைவோரைப் போலவே நடப்போரும் நாட்டின் செல்வத்தை உருவாக்குவோர். அவர்கள் கால் இடறாது கடக்கும் வழியை அமைப்பதும், அமைத்ததைக் காப்பதும் ஒரு சமூகத்தின் பண்பாட்டை அளக்கும் கருவிகளாகும்.

சொல்லும் பொருளும்

புணை – மிதவை. கலங்கல் – ஏரியின் மிகைநீர் வெளியேறும் இடம். வராகன் – பழைய பொற்காசு. கழிமுகம் – ஆறு கடலோடு கலக்கும் இடம். ஓதம் – கடல்நீரின் ஏற்ற இறக்கம். அந்தர் – பழைய எடையளவு.

இலக்கணக் குறிப்பு

பாய்புனல் – வினைத்தொகை
அழியாப் பெயர் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
வந்தோரும் வாழ்ந்தோரும் – எண்ணும்மை
கடத்தல் – தொழிற்பெயர்

பகுபத உறுப்பிலக்கணம்

கடந்தனர் – கட + த்(ந்) + த் + அன் + அர்
கட – பகுதி; த் – சந்தி; ந் ஆனது விகாரம்; த் – இறந்தகால இடைநிலை; அன் – சாரியை; அர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

புணர்ச்சி விதி

பெருஞ்சாலை – பெருமை + சாலை
ஈறுபோதல் என்னும் விதிப்படி, பெரு + சாலை என்றாயிற்று. இனமிகல் என்னும் விதிப்படி, பெருஞ்சாலை என்றாயிற்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள பழைய பாலம், மதகு அல்லது ஆற்றுத்துறை ஒன்றின் வரலாற்றை ஊர்ப் பெரியோரிடம் கேட்டறிந்து, ஒருபக்க அளவில் எழுதுக.
2. பள்ளிக்கு நடந்து வருவோர் சாலையைக் கடக்கும் இடங்களைக் குறித்து வரைபடம் உருவாக்குக. அங்குத் தேவைப்படும் வசதிகளை வேண்டி உள்ளாட்சி அலுவலருக்கு விண்ணப்பம் வரைக.

நம்மை அளப்போம்

பலவுள் தெரிக

1. சைதாப்பேட்டையில் உஸ்கான் பாலம் அமைத்த ஆண்டு
அ) 1712  ஆ) 1726  இ) 1751  ஈ) 1840

2. கல்லும் செங்கல்லும் நன்கு தாங்கும் விசை
அ) இழுவிசை  ஆ) முறுக்குவிசை  இ) அழுத்தம்  ஈ) காந்தவிசை

குறுவினா

1. ‘அடையாறு ஏரிகளில் பிறப்பது’ – விளக்குக.
2. அரைப் பென்னிப் பாலம் அப்பெயர் பெற்றது எவ்வாறு?

சிறுவினா

1. கழிமுகத்தில் பாலம் அமைப்பதிலுள்ள இடர்களைத் தொகுத்து எழுதுக.
2. உஸ்கானின் 1,500 வராகன் கொடையை ‘ஏரிப்பட்டி’யோடு ஒப்பிடுக.

நெடுவினா

‘கட்டுதல் ஒருநாள் விழாவாகலாம், காத்தல் தலைமுறைதோறும் தொடரும் பணியாகும்’ – இக்கூற்றைப் பாடப்பகுதியிலுள்ள பாலங்களைச் சான்றாகக் கொண்டு நிறுவுக.